பிரசவ அறைக்குள் போகும் முன்பே கை பழக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிலியர் கல்லூரிகளின் சேர்க்கை விளம்பரங்களில் இப்போதெல்லாம் தவறாமல் ஒரு படம் வருகிறது. கட்டிலில் கர்ப்பிணி உருவில் ஒரு பொம்மை, சுற்றிலும் சீருடையில் நான்கைந்து மாணவிகள், கீழே 'அதிநவீன சிமுலேஷன் லேப்' (பொம்மையை வைத்து நிஜம் போலப் பழகும் கூடம்) என்று ஒரு வரி. மகப்பேறு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பாடங்களை நடத்துகிறவர்கள் என்ற முறையில், அந்தப் படம் சொல்லாமல் விடுவதைச் சொல்லவே இந்தக் கடிதம். மேனிகின் என்ற அந்தப் பயிற்சிப் பொம்மையை வாங்கப் பணம் இருந்தால் போதும். அதில் ஒவ்வொரு மாணவியும் கை வைத்துப் பழக நேரமும், சரியாகப் பார்த்துத் திருத்த ஆளும், முடிந்ததும் உட்கார்ந்து பேச ஓர் இடமும் வேண்டும். இந்த மூன்றும் இல்லாததால் பல இடங்களில் பொம்மை உறை பிரிக்காமலே அலமாரியில் இருக்கிறது. ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் கட்டிலுக்கு வருகிறது.

பிரசவங்களில் பெரும்பாலானவை சிக்கலில்லாமல் முடிகின்றன. தாய்க்கு நல்லது; கற்பிக்கிறவருக்கு அதுவே பெரிய சவால். பிரசவ அறைப் பணியில் இருக்கும் சில வாரங்களில் ஒரு மாணவி பல பிரசவங்களைப் பார்த்துவிடலாம். ஆனால் தலை வந்த பின் குழந்தையின் தோள் சிக்கிக்கொண்ட ஒரு பிரசவத்தையோ, வலிப்பு வந்த ஒரு கர்ப்பிணியையோ பார்க்காமலே படிப்பை முடித்துவிடவும் முடியும். அப்படி ஒன்று நடந்தாலும், 'கொஞ்சம் தள்ளி நில்லும்மா' என்று அவளைச் சுவரோரம் நிறுத்திவிடுவார்கள். அதில் தவறில்லை. ரத்தம் போய்க்கொண்டிருக்கும் தாய், மாணவிக்குப் பாடப்பொருள் ஆக முடியாது. ஆனால் அதே மாணவி பட்டம் வாங்கிய சில மாதங்களில் இரவுப் பணியில் தனியாக நிற்பாள். அன்று அவள் கை முதல்முறையாகச் செய்யக் கூடாத வேலைகள் சில உண்டு. அவற்றை எங்கே செய்து பார்ப்பது?

இந்தக் கேள்வி புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் மேடம் டு குத்ரே என்ற மருத்துவச்சி, துணியும் தோலும் பஞ்சும் வைத்து ஆளுயர இடுப்புப் பகுதியையும் குழந்தையையும் தைத்து, அதை வைத்து ஊர் ஊராகப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயி அவருக்கு நாடு முழுவதும் கற்பிக்க அனுமதி அளித்தார். அந்தத் துணிப் பொம்மைகளில் ஒன்று ருவான் நகர அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது. அதில் மின்சாரமோ கணினியோ கிடையாது. கிராமத்துப் பெண்களின் கைகள் அதில் திரும்பத் திரும்பப் பழகின. சிமுலேஷன் என்றாலே பெரிய செலவு என்று கைவிரிக்கும் நிர்வாகங்களுக்காக இதைச் சொல்கிறோம்.

முதலில் பச்சிளங்குழந்தை. பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு மூச்சு தொடங்க ஏதாவது ஓர் உதவி தேவைப்படுகிறது. துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே பெரும்பாலானவை அழுதுவிடும். அதற்கும் மசியாத குழந்தைக்குப் பிறந்த ஒரு நிமிடத்துக்குள் பை, மாஸ்க் மூலம் காற்று கொடுக்க வேண்டும். 'பொன்னான நிமிடம்' என்று சொல்வது இதைத்தான். படிக்க எளிதாக இருக்கும் இந்த வரியைக் கடிகாரம் வைத்துச் செய்யச் சொல்லிப் பாருங்கள். மாணவி ஈரத் துணியை மாற்ற மறப்பாள். சளி உறிஞ்சும் குழாயை எடுத்து, சளியே இல்லாத வாயில் இருபது விநாடி செலவழிப்பாள். பையை எடுக்கும்போது மாஸ்க் வேறு எங்கோ இருக்கும். முதல் காற்று உள்ளே போகும்போது ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓடியிருக்கும்.

இந்தப் பயிற்சிக்கென்றே வரும் குழந்தைப் பொம்மைகளில் சில, உள்ளே சுமார் 2 லிட்டர் வெதுவெதுப்பான நீர் நிரப்பும் வகை. நிரப்பியதும் கை கால் துவண்டு, நிஜக் குழந்தையின் கனத்தோடு கையில் சரியும். பயிற்றுநரின் கையில் சிறிய ரப்பர் பல்புகள் இருக்கும்; ஒன்றை அழுத்தினால் தொப்புள்கொடி துடிக்கும், ஒன்றை அழுத்தினால் அழுகுரல் கேட்கும். மாணவி காற்று கொடுக்கும் முறை சரியாக இருந்தால் மட்டுமே நெஞ்சு எழும்.

நெஞ்சு எழாமல் போவதற்கான காரணங்கள் திரும்பத் திரும்ப அதே நான்கைந்துதான். மாஸ்க்கின் கூர்முனை மூக்குப் பக்கம் இருக்க வேண்டும்; அவசரத்தில் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள். மாஸ்க் தாடை நுனி, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும், கண்ணைத் தொடக் கூடாது. நிறைமாதக் குழந்தைக்கு 1-ஆம் அளவு, குறைமாதக் குழந்தைக்கு 0 அளவு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளைந்திருக்க, மற்ற விரல்கள் தாடை எலும்பை மேலே தூக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் இதற்கு நேர்மாறாக மாஸ்க்கை முகத்தின் மேல் அழுத்துவார்கள். அழுத்த அழுத்தக் கழுத்து மடங்கி மூச்சுப்பாதை அடைபடும். சிலர் கழுத்தை மிகையாக நிமிர்த்திவிடுவார்கள். அதிலும் பாதை அடைபடும். முகம் கூரையை நேராகப் பார்க்கும் நிலைதான் சரி. தோளுக்கு அடியில் ஒரு மடிப்புத் துணி இருந்தால் தலை அந்த நிலையில் நிற்கும்.

பிறகு வேகம். நிமிடத்துக்கு 40 முறை போதும். பதற்றத்தில் 80, 90 என்று பையைப் பிசைகிறார்கள். காற்று வெளியே வர நேரமே இருக்காது. 'ஊது, ரெண்டு, மூணு… ஊது, ரெண்டு, மூணு' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யப் பழக்கினால் வேகம் தானாகவே அடங்குகிறது. இது கையில் வரக் குறைந்தது பத்துப் பதினைந்து முறையாவது செய்ய வேண்டியிருக்கிறது. முப்பது பேர் சுற்றி நிற்க ஆசிரியர் ஒருமுறை செய்து காட்டுவதில் இது வராது.

பையைச் சோதிப்பதையும் இங்கேயே பழக வேண்டும். கழுவிக் காயவைத்து மறுபடி பூட்டும்போது வால்வைத் தவறாகப் பொருத்திவிட்டால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், காற்று மட்டும் போகாது. உள்ளங்கையால் மாஸ்க்கை மூடிப் பையை அழுத்தினால் கையில் அழுத்தம் தெரிய வேண்டும், மேலுள்ள அழுத்த வால்வு சீறித் திறக்க வேண்டும், விட்டதும் பை மறுபடி உப்ப வேண்டும். ஐந்து விநாடி வேலை. பயிற்சிக்கு முன் வேண்டுமென்றே ஒரு பையின் வால்வைத் தவறாகப் பூட்டி வையுங்கள். எத்தனை பேர் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்தாலே எது கற்பிக்கப்படவில்லை என்பது தெரிந்துவிடும்.

பயிற்றுநர்கள் செய்யும் ஒரு தவறும் உண்டு. மாணவி தவிப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், நெஞ்சு எழாதபோதே அழுகை பல்பை அழுத்திவிடுகிறோம். தவறான பிடிக்குக் குழந்தை அழுதுவிட்டது என்றுதான் அவள் கை நினைவில் வைத்துக்கொள்ளும்.

அடுத்தது பிரசவத்துக்குப் பின்னான ரத்தப்போக்கு. இதில் முதல் பிழை கண்ணில் நடக்கிறது. போன ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவோம். இதற்கு மேனிகின்கூட வேண்டாம். சிவப்புச் சாயம் கலந்த நீரை 150, 350, 500, 1,000 மில்லி என்று அளந்து, ஒன்றைப் பேடில், ஒன்றைப் படுக்கை விரிப்பில், ஒன்றைக் கிண்ணத்தில், ஒன்றைத் தரையில் ஊற்றிவைத்து, ஒவ்வொருவரும் தன் மதிப்பீட்டைத் தாளில் எழுத வேண்டும். பிறகு ஈரத் துணியை எடை போட்டு, உலர்ந்த எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். 1 கிராம் என்றால் ஏறக்குறைய 1 மில்லி. விரிப்பில் ஊறிய 500 மில்லியை '200 இருக்கும்' என்று எழுதிய மாணவி, அதன் பிறகு, தாயின் அடியில் விரித்து ரத்தத்தைப் பிடிக்கும் அளவுக் கோடுகள் போட்ட பிரசவ உறையை ஒருபோதும் அலட்சியம் செய்யமாட்டாள்.

அந்த உறையின் பலன் ஆய்வில் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய 4 நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான 'இ-மோட்டிவ்' ஆய்வு அது. அளவிட்ட உறையால் ரத்தப்போக்கைச் சீக்கிரம் கண்டறிந்து, கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுதல், கர்ப்பப்பையைச் சுருக்கும் மருந்து (ஆக்சிடோசின் போன்றது), ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட், நரம்பு வழி (ஐ.வி.) திரவம், பரிசோதனை, தேவையானால் மேல்சிகிச்சைக்கு அழைப்பு என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கிய இடங்களில் கடுமையான பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. ஒன்று செய்து, காத்திருந்து பார்த்து, அப்புறம் அடுத்தது என்று போகாமல் எல்லாம் ஒன்றாகத் தொடங்கியதுதான் அதில் முக்கியம். ஆறு வேலையை ஒருவர் செய்ய முடியாது. ஆகவே இது தனியாள் திறன் இல்லை, குழுவாகத்தான் பழக வேண்டும்.

இதற்கு ஏற்றது ஆளே அணிந்துகொள்ளும் வகைப் பயிற்சிப் பொருள். வயிற்றில் கட்டிக்கொள்ளும் அந்தப் பொருளுக்குள் ரத்தத்துக்கான பை, குழந்தை, நஞ்சுக்கொடி எல்லாம் இருக்கும். அணிந்திருப்பவரே ரத்தத்தைத் திறந்துவிடலாம், கர்ப்பப்பையைத் தளர்த்தலாம், இறுக்கலாம். அணிந்திருப்பவர் பேசுவார் என்பதே இதில் பெரிய சிறப்பு. 'சிஸ்டர், தலை சுத்துது', 'சிஸ்டர், குளிருது' என்று சொல்லும்போது பதில் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க முடியும். பிளாஸ்டிக் உருவத்தைச் சுற்றி நிற்கும் குழு அதன் முகத்தைப் பார்ப்பதேயில்லை. தாயாக நடித்தவரிடம் முடிவில், 'யார் உங்களிடம் பேசினார்கள்? எப்போது பயமாக இருந்தது? மேலே துணி போர்த்தினார்களா?' என்று கேட்டு, அதை எல்லோர் முன்னும் சொல்லவைக்க வேண்டும். கண்ணியமான பிரசவப் பராமரிப்பைக் கற்பிக்க இதைவிட நேரடியான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இப்படி நடித்துப் பழகும் காட்சி தொடங்கியதும் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். 'யாராவது ஆக்சிடோசின் எடுங்க' என்று ஒரு குரல் வரும். யாரும் எடுக்கமாட்டார்கள், அல்லது இரண்டு பேர் எடுப்பார்கள். பெயர் சொல்லி, மருந்து சொல்லி, அளவு சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி, போட்ட பின் 'ஆக்சிடோசின் 10 யூனிட் தசையில் போட்டாச்சு, மணி 10.42' என்று உரக்கச் சொல்ல வேண்டும். நேரம் குறிக்க ஒருவர் தனியாக வேண்டும். டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், 10 மில்லி; அதை நிமிடத்துக்கு 1 மில்லி வீதம் 10 நிமிடத்தில் நரம்பில் செலுத்த வேண்டும், அதுவும் பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள். கடிகாரமில்லாத பயிற்சியில் எல்லோரும் இதை அரை நிமிடத்தில் தள்ளிவிடுகிறார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாது என்பதைத் தேர்வில் எழுதியவர்களே காட்சியில் சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டரை மறக்கிறார்கள். கர்ப்பப்பை கல் போல இறுகிய பிறகும் ரத்தம் நிற்காவிட்டால் கிழிசலைத் தேட வேண்டும், நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தனியாக ஒரு காட்சி வைப்பது நல்லது.

வலிப்புக்கான மெக்னீசியம் சல்பேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பிழை கணக்கில் நேர்கிறது. முதல் தவணை மொத்தம் 14 கிராம். 50 சதவீத மருந்தில் ஆம்பியூல் எனும் 2 மில்லி கண்ணாடிக் குப்பி ஒன்றில் 1 கிராம். நரம்பில் போடும் 4 கிராமுக்கு 4 ஆம்பியூல், அதாவது 8 மில்லி. அதோடு 12 மில்லி சுத்த நீர் சேர்த்தால் 20 மில்லி, 20 சதவீதம். இதை 5 முதல் 20 நிமிடத்தில் மெதுவாகச் செலுத்த வேண்டும். மீதி 10 கிராம், இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம், நீர் கலக்காமல். காகிதத்தில் எல்லோருக்கும் சரியாக வருகிறது. கையில் 14 ஆம்பியூலையும் சிரிஞ்சுகளையும் கொடுத்து, பக்கத்தில் ஒருவரை வலிப்பு வந்தவராக நடிக்கச் சொன்னால், ஆம்பியூல்களை உடைத்து உறிஞ்சவே பல நிமிடம் ஆகிறது. இன்னொருவர் சேர்ந்தால்தான் முடியும் என்று அப்போதுதான் புரியும். நீர் கலக்காத மருந்தையே நரம்புக்கு எடுத்துவருகிறவர்களும் உண்டு. அதைப் பயிற்சி மேசையிலேயே பிடித்துவிட வேண்டும். அடுத்த தவணைக்கு முன் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா என்று பார்ப்பதும், மெக்னீசியம் மிகையானால் முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் டிரேயில் இருப்பதும் காட்சியின் பகுதியாக வேண்டும். இந்தப் பயிற்சிக்கான ஆம்பியூல்களிலும் பாட்டில்களிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று ஒட்டி, எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்க வேண்டும். ஒன்றுகூட வார்டுக்குப் போய்விடக் கூடாது.

இதில் எங்களுக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. 'ஆக்சிடோசின் போட்டுவிட்டேன்' என்று வாயால் மட்டும் சொல்வதை ஏற்கவே கூடாது. ஃப்ரிட்ஜுக்கு நடந்து போய், எடுத்து, லேபிளைப் படித்து, உறிஞ்சி, போட வேண்டும். நிஜத்தில் நேரம் போவது அந்த நடையில்தான்.

தோள் சிக்கும் பிரசவத்துக்குச் சான்று இன்னும் நேரடியானது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு மருத்துவமனை, பிரசவ அறையின் ஊழியர்கள் எல்லோருக்கும் பொம்மையில் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. தோள் சிக்கிய பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்ததென 2008-இல் வெளியிட்டார்கள். தாயின் தொடைகளை வயிற்றை நோக்கி மடக்குவது, பூப்பு எலும்புக்கு (இடுப்பின் முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழுள்ள எலும்பு) மேலே அழுத்துவது, பின்பக்கக் கையை எடுப்பது: இவை கையால் மட்டுமே கற்க முடிந்த வேலைகள். மேல்வயிற்றில் அழுத்தவே கூடாது என்பதையும் அங்கேதான் பதியவைக்க முடியும். பதறியவர்களின் கை முதலில் போவது அங்கேதான்.

இவ்வளவும் செய்த பின், காட்சி முடிந்ததும் மணி அடித்தது என்று கலைந்துவிட்டால் பாதி வீண். டீப்ரீஃபிங் என்று சொல்லும் அந்த உரையாடலுக்குக் காட்சிக்கு ஆன நேரத்தைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். பத்து நிமிடக் காட்சிக்கு இருபது நிமிடம். வட்டமாக உட்கார வேண்டும். முதலில் என்ன நடந்தது என்று மாணவர்களே நேர வரிசையில் சொல்லட்டும். பிறகு ஒரு கணத்தை எடுத்துக்கொண்டு, 'மூன்றாவது நிமிடத்தில் மசாஜை நிறுத்தினீர்கள், அப்போது என்ன நினைத்தீர்கள்?' என்று கேட்க வேண்டும். 'ஏன் நிறுத்தினாய்?' என்று அதட்டினால் அடுத்த முறை அவள் முன்வரவே மாட்டாள். அவள் சொல்லும் பதிலில்தான் விஷயம் இருக்கிறது: கர்ப்பப்பை இறுகிவிட்டதாக நினைத்தாளா, கை வலித்ததா, பெரியவர் வந்ததும் ஒதுங்கிவிட்டாளா? மூன்றுக்கும் திருத்தம் வேறு வேறு. முடித்ததும் அதே காட்சியை அன்றே மறுபடி செய்யவைக்க வேண்டும். இங்கே நடந்த பிழையைக் கேலிக்கோ மதிப்பெண்ணுக்கோ எடுத்துச் செல்வதில்லை என்று முதலிலேயே சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.

ஒருநாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்துக் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள், வடக்கு தான்சானியாவின் ஹைடம் மருத்துவமனை அனுபவத்தைப் படிக்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு மூச்சளிக்கும் ஒருநாள் பயிற்சி அங்கே நடந்தது. பொம்மையில் செயல்திறன் கூடியது. நிஜப் பிரசவங்களில் மாற்றம் வரவில்லை. இதை 2013-இல் அவர்களே வெளியிட்டார்கள். பிறகு பிரசவ அறையிலேயே பொம்மையை வைத்து, வாரந்தோறும் 3 முதல் 5 நிமிடம், மாதம் ஒருமுறை 40 நிமிடம் என்று பழக்கினார்கள். குழந்தையைத் தேய்த்துத் தூண்டுவது அதிகரித்தது, பை-மாஸ்க் தேவைப்பட்டவை குறைந்தன, முதல் 24 மணி நேர இறப்பும் குறைந்தது. வாங்கிய பொம்மை அதேதான். அதை வைத்த இடமும் பழகிய தடவைகளும்தான் மாறின.

சிமுலேஷன் வந்துவிட்டதால் வார்டுப் பணியைக் குறைக்கலாம் என்ற பேச்சும் கேட்கிறது. அமெரிக்காவில் 2014-இல் வெளியான பெரிய ஆய்வு, மருத்துவமனை நேரத்தில் பாதி வரை சிமுலேஷனுக்கு மாற்றினாலும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை என்று காட்டியது உண்மை. ஆனால் அங்கே பயிற்றுநர்கள் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள், ஒவ்வொரு காட்சிக்கும் முறையான டீப்ரீஃபிங் இருந்தது. அந்த நிபந்தனைகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது மாணவர்களுக்கு இழைக்கும் துரோகம். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் பக்கத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை எந்தப் பொம்மையும் கற்றுத்தராது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பிரசவ அறைப் பணி தொடங்கும் முன் சிமுலேஷன் வகுப்பு முடிந்திருக்கும்படி கால அட்டவணை போடுங்கள். ஒரு குழுவுக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். மேனிகின் வாங்கும்போதே கையுறை, சிரிஞ்ச், மாஸ்க், மாற்று வால்வு, மாற்றுத் தோல் ஆகியவற்றுக்கும் ஆண்டுதோறும் தொகை ஒதுக்குங்கள். டீப்ரீஃபிங் நடத்த ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள். பிரசவ அறையின் ஒரு மூலையில் ஒரு குழந்தைப் பொம்மையும் பையும் மாஸ்க்கும் விநாடி முள் உள்ள கடிகாரமும் நிரந்தரமாக இருக்கட்டும். பணி மாறும் நேரத்தில் மாணவிகளும் ஸ்டாஃப் நர்ஸ்களும் சேர்ந்தே ஐந்து நிமிடம் பழகட்டும்.

பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர், லேபைச் சுற்றிப் பார்க்கும்போது அங்குள்ள பதிவேட்டைக் கேளுங்கள். கடைசியாகப் பை-மாஸ்க் பயிற்சி நடந்த தேதி, அன்று செய்தவர்களின் எண்ணிக்கை, ஒவ்வொருவரும் முதல் மூச்சைக் கொடுக்க எடுத்துக்கொண்ட விநாடிகள் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் செவிலியப் பயிற்றுநர்கள்